நாலாவது ஆளாகப் போய் நில்

அன்புள்ள கதிருக்கு,

சித்தி எழுதுகிறேன். சித்தப்பா, மீனு, நான் எல்லோரும் நலம். வாலென்சியாவில் இன்னும் வெயில் குறையவில்லை. உன் பில்பாவோவில் மழை விட்டபாடில்லை என்று அக்கா சொன்னாள். ஈரச் சாக்ஸோடு வகுப்பில் உட்கார்ந்திருக்காதே, உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது. மீனு பள்ளியில் ஹேண்ட்பால் அணியில் சேர்ந்துவிட்டாள். முட்டியெல்லாம் சிராய்ப்பு, முகமெல்லாம் சிரிப்பு.

அக்கா இன்னொன்றும் சொன்னாள், அதனால்தான் இந்தக் கடிதம். கூடப் படிக்கிற பையன்கள் பாடெல் ஆட வா என்று கூப்பிட்டார்களாம், நீ வரவில்லை என்றுவிட்டாயாம். “இங்கே எல்லாருக்கும் ஃபுட்பால் பேச்சுதான், எனக்கு அதில் ஒன்றும் தெரியாது, ரூமிலேயே இருந்துக்கிறேன்” என்றாயாம். கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. கோபம் தணிந்ததும் கவலை பிடித்துக்கொண்டது. பேட்மின்டன் ராக்கெட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிய பிள்ளைடா நீ. ப்ளஸ் டூ என்று சொல்லி உன் அம்மா அதைப் பரணில் ஏற்றினாள். இப்போது அதை இறக்கவேண்டியவன் நீதான்.

முதலில் அந்தப் பாடெல் விஷயம். அதைக் கண்டு ஏன் பயப்படுகிறாய்? மெக்ஸிகோவில் அகபுல்கோவில் என்ரிகே கொர்குவேரா என்பவர் 1969-ல் தன் வீட்டில் தொடங்கிய ஆட்டம் அது. 1974-ல் மார்பெய்யாவுக்கு வந்தது, இன்று ஸ்பெயினில் அது இல்லாத ஊரைப் பார்ப்பது கஷ்டம். இருபது மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், பின்னால் கண்ணாடிச் சுவர். பந்து தரையில் ஒருமுறை பட்டு, கண்ணாடியில் மோதித் திரும்பி வந்தாலும் அடிக்கலாம். டென்னிஸ் மாதிரி தலைக்கு மேல் சர்வீஸ் கிடையாது, இடுப்புக்கு மேலே போகாமல் போடவேண்டும். பேட்மின்டன் ஆடிய கைக்கு அது புதிதா? இரண்டு பேர் எதிரே இரண்டு பேர் என்றுதான் ஆடுவார்கள். மூன்று பேர் சேர்ந்துவிட்டால் நாலாவது ஆளுக்கு அலைவார்கள். அப்படி ஒரு நாள் அவர்களுக்கு உன் நினைவு வந்திருக்கிறது. அதை விட்டுவிடலாமா?

ரியோ ஒலிம்பிக் பேட்மின்டன் இறுதிப் போட்டி நினைவிருக்கிறதா? 2016 ஆகஸ்டில் சிந்து முதல் கேமை 21-19 என்று எடுத்ததும் நீ கட்டில் மேல் ஏறிக் குதித்தாய். அடுத்த இரண்டையும் கரோலினா மரீன் வென்றதும் சாப்பிடாமல் படுத்துவிட்டாய். “கத்திக் கத்தியே ஜெயிச்சிட்டா” என்று அவளைத் திட்டிய திட்டு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவளைப் பற்றி நீ தெரிந்துகொள்ளவேண்டும். தெற்கே ஊவெல்வா என்கிற ஊர்க்காரி. பேட்மின்டனுக்குப் பெரிய பேரே இல்லாத நாடு இது. பதினாலு வயதில் பெற்றவர்களை விட்டுப் பயிற்சிக்காக மத்ரீதுக்குப் போனவள். ஒலிம்பிக்கில் பெண்கள் ஒற்றையர் தங்கம் அதுவரை ஆசியாவை விட்டு வெளியே போனதில்லை, இவள்தான் முதலில் எடுத்தாள்.

2019-ல் அவளுக்கு வலது முட்டி போயிற்று. 2021-ல் இடது முட்டி, டோக்கியோவுக்கே போகமுடியவில்லை. 2024-ல் பாரிஸ் அரையிறுதியில் முதல் கேமை வென்று, இரண்டாவதிலும் முன்னால் இருந்தபோது மறுபடியும் வலது முட்டி. அழுதுகொண்டே வெளியேறினாள். எதிரே ஆடிய சீனப் பெண் ஹே பிங்ஜியாவ், வெள்ளிப் பதக்கம் வாங்கும்போது ஸ்பெயின் சின்னம் போட்ட சிறிய பின்னைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு நான் அழுதேன் கதிர். நர்ஸ் வேலையில் எத்தனையோ முட்டிகளைப் பார்த்திருக்கிறேன், ஒருமுறை கிழிந்தாலே அதை மறுபடி நம்பி ஊன்றுவது எத்தனை பாடு என்று தெரியும். பதினாலு வயதில் வீட்டை விட்டு வந்தவள் அதைச் செய்தாள். நீ இருபத்திரண்டு வயதில் வந்திருக்கிறாய், உன் முட்டி இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன.

சரி, ஆடத்தான் கூச்சம் என்றால் பார்க்கவாவது போ. உன் ஊரிலேயே மிரிபியா பகுதியில் பிஸ்காயா ஃப்ரோன்டோன் இருக்கிறது. பாஸ்க் நாட்டுப் பெலோட்டா ஆடும் பெரிய அரங்கம். வெறுங்கையால் பந்தை எதிர்ச் சுவரில் அடிப்பார்கள், இடது பக்கமும் பின்னாலும் கூடச் சுவர் உண்டு. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம், கால்சட்டை மட்டும் இருவருக்கும் வெள்ளை. முதலில் 22 புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. சுவரின் அடியில் தகட்டுப் பட்டை ஒன்று ஓடும். பந்து அதில் பட்டால் ணங் என்று கேட்கும், புள்ளி போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் தெரிந்துவிடும். நடுவே சிலர் நின்று கூவிக்கொண்டு, கீறிய டென்னிஸ் பந்துக்குள் சீட்டை வைத்துக் கூட்டத்துக்குள் எறிவார்கள். அது பந்தயம் கட்டுகிற வழி. வேடிக்கை பார், ஆனால் ஒரு யூரோ கூடப் பந்தயத்தில் வைக்காதே. அது மட்டும் என் கண்டிப்பு.

இங்கே எங்கள் வாலென்சியாவில் பெலோட்டாவுக்கு உறவான பிலோத்தா இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் என்னையும் சித்தப்பாவையும் பெலாயோ அரங்கத்துக்கு முதலில் கூட்டிப்போனார். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, 1868-ல் கட்டியது. நீண்ட கூடம், நடுவே குறுக்காக ஒரு கயிறு, ஒரு பக்கச் சுவரோரம் படிக்கட்டு. அந்தப் படியிலேயே நாமும் உட்காரவேண்டும், பந்து அங்கேயும் வரும். கொஞ்சம் அசந்தால் நம் தோளில் விழும். ஆட்டத்துக்கு முன்னால் ஆட்டக்காரர்கள் கையைத் தயார் செய்வதைப் பார்த்தேன். சீட்டுக்கட்டுச் சீட்டை வெட்டி உள்ளங்கையில் பொருத்தி, அதன் மேல் பிளாஸ்டர் ஒட்டி, விரலை மடக்கிப் பார்த்து, பிடிக்காவிட்டால் உரித்துவிட்டு மறுபடி ஒட்டுகிறார்கள். ஆஸ்பத்திரியில் நாங்கள் கட்டுப் போடுவதில் கூட அத்தனை பொறுமை இருக்காது. பந்து சின்னதுதான், நாற்பது கிராம் இருக்கும். தோலைத் தைத்துக் கல் போல் இறுக்கியிருக்கிறார்கள். பந்து எங்கே பட்டது என்று சந்தேகம் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆட்களைக் கேட்பது பழைய வழக்கம் என்று பெரியவர் சொன்னார். பார்க்க வந்தவனையும் நம்பி ஆடுகிற ஆட்டம். எங்கிருந்தோ வந்த என்னையும் அந்தப் படியில் நகர்ந்து உட்காரச் சொன்னார்கள். இந்த ஊர் என் ஊர் என்று எனக்கு முதலில் தோன்றியது அங்கேதான்.

அதனால்தான் உன்னை இத்தனை வற்புறுத்துகிறேன். ஃபுட்பால் டிவியில் வருகிறது, அதை ரூமிலிருந்தே பார்த்துவிடலாம். இந்த ஆட்டங்களுக்கு நீ நேரில் போயாகவேண்டும், போனால் பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். உன் அரைகுறை ஸ்பானிஷில் “இப்போ ஏன் புள்ளி போச்சு?” என்று ஒரு கேள்வி கேள். பாஸ்க்காரர்கள் அழுத்தமானவர்கள் என்று பயப்படுகிறாய், பெலோட்டாவைப் பற்றிக் கேட்டுப் பார், சாப்பாட்டு நேரம் வரை சொல்லுவார்கள்.

அடுத்த செப்டம்பரில் நானும் வருகிறேன். சான் செபாஸ்தியானுக்குச் சேர்ந்து போவோம். அந்த மாதத்தின் முதல் இரண்டு ஞாயிறும் லா கோன்ச்சா விரிகுடாவில் படகுப் போட்டி, 1879-லிருந்து நடக்கிறது. ஒரு படகில் பதின்மூன்று பேர் துடுப்புப் போடுவார்கள், பின்னால் ஒருவர் சுக்கான் பிடித்து நின்று குரல் கொடுப்பார். மீன்பிடிப் படகிலிருந்து வந்த போட்டி. ஓரியோ ஊர்க்காரர்கள் மஞ்சள் சட்டையில் கரையெல்லாம் நிறைந்து நிற்பார்களாம். 2008-லிருந்து பெண்களுக்கும் போட்டி உண்டு. மீனு இப்போதே நாள் எண்ணுகிறாள்.

அதுவரைக்கும் சும்மா இருக்காதே. பக்கத்துக் கிராமங்களுக்குப் போனால் சர்ச்சுக்குப் பக்கத்திலேயே ஃப்ரோன்டோன் சுவர் இருக்கும், சின்னப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருப்பார்கள். போய் நில். தோல் பந்தைத் தொடாதே, கை வீங்கி எழுதமுடியாமல் போகும். டென்னிஸ் பந்தில் ஆரம்பி. பாடெலுக்கு நல்ல ஷூ வாங்கிக்கொள். அதற்கென்று உன் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன், அக்காவிடம் சொல்லாதே. பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் பார்சலில் வருகிறது. ஊறுகாயை ரூம் பையன்களுக்கும் கொடு.

இந்த வாரமே அந்தப் பையன்களிடம் வருகிறேன் என்று சொல்லிவிடு. ஞாயிறு ராத்திரி ஃபோன் செய்வேன். படிப்பைப் பற்றிக் கேட்கமாட்டேன், ஆடினாயா என்று மட்டும் கேட்பேன்.

அன்புடன்,
சித்தி