பெயரில்லாத நால்வர்

கல்குவாரியை நம்பி வாழும் ஊர் எங்களுடையது. அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகளுடன் சென்னையைக் காணச் சென்றிருந்தோம். 1851-இல் தொடங்கப்பெற்ற எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளையும், 1913-இல் திறக்கப்பெற்ற ரிப்பன் மாளிகையின் வெண்மையையும் கண்டு பிள்ளைகள் வியந்தனர்.

மாலையில் மெரினா. கடலை நோக்கி ஓடத் துடித்த கால்கள் உழைப்பாளர் சிலையருகே நின்றன. சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து, 1959-இல் நிறுவப்பெற்ற சிலை அது. பெரும்பாறையொன்றை நகர்த்த நால்வர் உடல் வருந்திப் பாடுபடுகின்றனர். அக்கடற்கரைச் சாலையில் வள்ளுவரும் ஔவையாரும் பாரதியாரும் பெயர் தாங்கி நிற்க, இந்நால்வருக்குப் பெயரில்லை.

தந்தையின் தொழிலைக் கேட்டால், "கூலி" எனத் தலைகுனிந்து முணுமுணுக்கும் சிறுவன் ஒருவன் எங்களுடன் வந்திருந்தான். நெடுநேரம் அண்ணாந்து பார்த்தவன், "எங்கப்பாவும் பாறையை இப்படித்தான் தள்ளுவாரு" என்றான். அவன் குரல் தாழவில்லை. சுற்றி நின்ற பிள்ளைகளும் சிரிக்கவில்லை.

மாநகரின் மாளிகைகளைக் காட்டவே பிள்ளைகளை அழைத்துச் செல்கின்றோம். அவற்றைத் தாங்கும் கற்கள் எவருடைய தோள்வலியால் பெயர்ந்து வந்தன என்பதையும் அங்கேயே நின்று சொல்லிக்கொடுப்போம். தந்தையின் தொழிலைச் சொல்லும்போது எந்தப் பிள்ளையும் தலைகுனிய வேண்டாம்.