இறந்தது எந்தத் தேதி?

ஒருவர் இறந்துவிட்டார் என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது பெரும்பாலும் எளிது. எப்போது இறந்தார் என்று நிரூபிப்பதில்தான் வழக்கறிஞனுக்கு வேலை வரும். 1980-களில் தஞ்சாவூர் சார்பு நீதிமன்றத்தில் நான் நடத்திய ஒரு தாவா முழுக்க அப்படியொரு தேதியைப் பற்றியதுதான்.

என் கட்சிக்காரர் வெண்ணாற்றுப் பாசன ஊர் ஒன்றைச் சேர்ந்த மூதாட்டி. அவர் கணவருக்கு ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். 1938-இல் அண்ணனோடு பாகம் பிரித்துப் பத்திரமும் பதிந்தாயிற்று. நெல் விலை விழுந்து கிடந்த காலத்தில் வாங்கிய கடன் அடையவில்லை. தென்னாட்டார் போருக்கு ஆகாதவர்கள் என்று முதல் உலகப் போருக்குப் பின் மதராஸ் காலாட்படைகளைக் கலைத்த வெள்ளைக்கார அரசு, ஜப்பான் பர்மாவுக்குள் புகுந்த சமயத்தில் மதராஸ் ரெஜிமென்டை மீண்டும் எழுப்பிக்கொண்டிருந்தது. நிலத்தை அண்ணன் பொறுப்பில் விட்டுவிட்டு, மனைவியையும் கைக்குழந்தையான மகளையும் ஊரில் வைத்து, இவர் அதில் சிப்பாயாகச் சேர்ந்தார். மாதாமாதம் மணியார்டர் வந்தது. 1945-இன் தொடக்கத்தில் தந்தி வந்தது.

அதன்பின் அண்ணன் ஆண்டுதோறும் தை அறுவடையில் அந்த அம்மாளுக்கு நெல் அளந்தார். அண்ணன் காலமானதும் அவர் மகன்கள் நிறுத்திவிட்டார்கள். காரணம் கேட்டபோது 1946-ஆம் ஆண்டுத் தேதியில் பதிவான விடுதலைப் பத்திரம் ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். தம்பி தன் பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுத்ததாக அதில் கைரேகை இருந்தது. தந்தி தவறு, சித்தப்பா உயிரோடு திரும்பினார், எழுதிக் கொடுத்துவிட்டு மலாயாவுக்குக் கப்பல் ஏறினார், அப்புறம் தகவல் இல்லை என்பது அவர்கள் கட்சி.

இதைச் சிரித்துத் தள்ள முடியாது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் சிறைப்பட்டார்கள். இறந்ததாக வீட்டார் நம்பிய சிலர் போர் முடிந்தபின் வீடு திரும்பியதும் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவுக்குப் போவது டெல்டாக்காரர்களுக்குப் பழகிய வழி.

சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, ஏழாண்டு தகவல் இல்லாதவர் உயிரோடிருக்கிறார் என்பவரே அதை நிரூபிக்கட்டும் என்றது. ஆனால் அந்த அனுமானம் தேதி தராது. குறிப்பிட்ட நாளில் இறந்தார் என்பவர் அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும் என்று பிரிவி கவுன்சில் 1920-களிலேயே தீர்த்துவைத்துவிட்டது. எதிரிகளின் பத்திரமோ பதிவானது, 30 ஆண்டு கடந்தது. அடையாளம் காட்டிய சாட்சிகள் இருவரும் உயிரோடில்லை. சுமை முழுவதும் எங்கள் தலையில்.

அந்த அம்மாளின் தகரப் பெட்டியில் குடும்ப பென்ஷன் உத்தரவு இருந்தது. கணவரின் ராணுவ எண் அதில் கிடைத்தது. அந்த எண்ணைக் கொண்டு வெலிங்டனில் உள்ள ரெஜிமென்ட் மையத்துக்கும், இங்கிலாந்தில் மெய்டன்ஹெட்டில் உள்ள காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்துக்கும் எழுதினேன்.  கல்லறை இன்னதென்று தெரியாத சுமார் 27,000 பேரின் பெயர்கள் ரங்கூன் அருகே தவுக்கியானில் ஆணையம் எழுப்பிய நினைவுத் தூண்களில் உள்ளன. சிப்பாயின் பெயர் அங்கே இருப்பதாகப் பதில் வந்தது. பதிவேட்டில் இறந்த தேதியோடு, இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், தஞ்சாவூர் ஜில்லா இன்ன ஊர் என்றும் குறித்திருந்தார்கள். வெளிநாட்டுக் கடிதம் சாட்சியமாகாது என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. ராணுவப் பதிவேட்டோடு வந்த அலுவலர் கூண்டில் ஏறி அதே தேதியைச் சொன்னதும் அந்த ஆட்சேபம் வலுவிழந்தது.

குறுக்கு விசாரணையில் அந்த அம்மாளிடம், "புருஷன் செத்ததை நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டார்கள்.

"பாக்கலீங்க. தந்தியப் படிச்சுச் சொன்னது இவுங்க அப்பா. கருமாதிய நடத்துனதும் அவுங்கதான்."

கருமாதி செய்த கையே மறு ஆண்டு அதே தம்பியிடம் பத்திரம் வாங்கியிருக்க முடியாது என்றது தீர்ப்பு. ஆள்மாறாட்டம் என்று பத்திரம் தள்ளுபடியானது. பாகம் பிரிந்து, ஆண் வாரிசின்றி இறந்தவரின் நிலம் அன்றைய சட்டப்படி மனைவிக்கு வரும். ஆனால் அது ஆயுள்கால அனுபவம் மட்டுமே. ஆண்டுதோறும் வாங்கிய நெல், நிலம் அவர் உரிமையில் இருந்ததற்குச் சான்றாயிற்று. ஆகவே 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அதை முழு உரிமையாக்கியது. மேல்முறையீடும் தோற்றது.

2024 ஜூலை முதல் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய சட்டம் வந்திருக்கிறது. பழைய 108 இப்போது 111. தேதியை நிரூபிக்கும் சுமை மாறவில்லை. உங்கள் வீட்டில் பட்டாளத்துக்குப் போன பாட்டனாரின் பென்ஷன் காகிதமோ மணியார்டர் துண்டோ இருந்தால், பழசென்று போகியில் போடாதீர்கள். அதிலுள்ள எண் ஒன்று போதும், பதிவேட்டைத் தேடிப் பிடிக்க.