ஊட்டா ஆய்த்தா?

பெங்களூரில் நலம் விசாரிப்பதே சாப்பாட்டை வைத்துத்தான். காலையில் "திண்டி ஆய்த்தா?", மதியத்துக்கு மேல் "ஊட்டா ஆய்த்தா?". தொம்லூரில் என் அறைக்குக் கீழ்வீட்டில் இருந்த ஆன்ட்டி தினமும் கேட்பார். "ஆய்த்து ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு வெறும் வயிற்றோடு ஆபீஸ் வண்டி ஏறுவேன்.

2020 ஊரடங்கில் நாலு சுவருக்குள் உட்கார்ந்து வேலை பார்த்ததில் உடம்பு பெருத்தது. ஆபீஸ் திரும்பத் திறந்ததும் எடை குறைப்புப் போட்டி வைத்தார்கள். அணி பிரித்து, வாராவாரம் யார் எவ்வளவு குறைந்தார் என்று பட்டியல் ஒட்டினார்கள். முதலில் காலைப் பலகாரத்தை விட்டேன், பிறகு சோற்றை, கடைசியில் ராத்திரிச் சாப்பாட்டையும். பட்டியலில் என் பெயர் மேலே ஏறியது. ஊருக்குப் போனபோது சித்தி, "இப்பத்தான்டி பாக்க லட்சணமா இருக்கே" என்றாள். யாரும் எதுவும் சந்தேகப்படவில்லை. செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை, ஏகாதசி என்று நம் காலண்டரில் பட்டினிக்கு நாளா இல்லை? விரதம் என்று சொல்லிவிட்டால் தட்டு ஏன் காலி என்று நம் வீடுகளில் யாரும் கேட்பதில்லை.

பிறகு ராத்திரிகள் என் கையை விட்டுப் போயின. நள்ளிரவில் போனில் பிரியாணி, அது முடிவதற்குள் கேக். டெலிவரி பையன் மாடியேறும் சத்தம் ஆன்ட்டிக்குக் கேட்கக் கூடாதென்று நானே இறங்கிப் போய் வாங்குவேன். ரெண்டு பேர் சாப்பிடுவதாகத் தெரியட்டும் என்று ரெண்டு ஸ்பூன் கேட்பேன். ருசி தெரியாது. வயிறு வலிக்கும்வரை தின்றுவிட்டு மறுநாள் முழுப் பட்டினி. அன்று ராத்திரி மறுபடி அதே கதை. என் எடை எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று இங்கே எழுதப் போவதில்லை. படிப்பவர்களில் என்னைப் போல ஒருத்தி இருந்தால் அந்த எண்ணைத் தன் எண்ணோடு வைத்துப் பார்ப்பாள்.

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்திருந்தது. பொது மருத்துவர் தலை நிமிராமல், "வெயிட் குறைங்கம்மா" என்றார். குறைக்கப் போய்த்தான் இங்கே வந்து நிற்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஓசூர் சாலை நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குத் தோழிதான் இழுத்துப் போனாள். உண்ணுதல் கோளாறு எலும்பும் தோலுமாக இருப்பவர்களுக்கு வரும் நோய், எனக்கெதற்கு என்றுதான் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அது தவறான எண்ணம். இந்த நோயாளிகள் எல்லா அளவு உடம்பிலும் இருக்கிறார்கள், நம் ஊரிலும் இருக்கிறார்கள். பெங்களூரு மனநல மருத்துவர்களிடம் எடுத்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது; பதில் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் உண்ணுதல் கோளாறு உள்ள ஒருவரையாவது பார்த்திருந்தார்கள்.

அங்கிருந்த உளவியலாளர் எனக்கு அறிவுரை சொல்லவில்லை, ஒரு பழைய பரிசோதனையைச் சொன்னார். இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயம், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். உடம்பில் கால் பங்கு கரைந்தது. அவர்கள் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள், சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சில்லை. திரும்பச் சாப்பாடு கிடைத்தபோது சிலருக்கு எவ்வளவு தின்றும் அடங்கவில்லை. தூக்கம் வராமல் சமையல் வீடியோக்களாகப் பார்த்துக் கிடந்தவள் நான். என் மனவுறுதியில் ஓட்டை என்று அதுவரை நினைத்திருந்தேன். பட்டினி கிடந்த எந்த உடம்பும் செய்வதைத்தான் என் உடம்பும் செய்தது.

வைத்தியம் கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் சிற்றுண்டி, மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக்கூடாது. முந்தின ராத்திரி எவ்வளவு தின்றிருந்தாலும் காலை இட்லியை விடக்கூடாது. எனக்கு எல்லாவற்றிலும் கடினம் அந்த இட்லிதான். சாப்பிட்டதைக் குறிக்க ஒரு நோட்டு; அதில் கலோரி எழுதக் கூடாது. நேரம், என்ன சாப்பிட்டேன், அப்போது மனம் எப்படி இருந்தது, அவ்வளவே. வீட்டிலிருந்த எடைமெஷின் தோழி வீட்டுக்குப் போனது. கிளினிக்கில் எடை பார்க்கும்போது முள்ளுக்கு முதுகு காட்டி நிற்பேன்.

எடை குறைக்கும் பேச்சையே உளவியலாளர் வெகுகாலம் எடுக்க விடவில்லை. ராத்திரி வெறி நன்றாக ஓய்ந்த பிறகுதான் உணவியல் நிபுணரிடம் அனுப்பினார். அவரும் எதையும் தடை செய்யவில்லை. ராகிக் களியான முத்தே, கீரை போட்ட சொப்பு சாரு, தட்டில் பாதி காய்கறி, வேளைக்கு வேளை பருப்போ முட்டையோ. சாயங்காலம் அல்சூர் ஏரிக்கரையில் நடை, அதுவும் தின்றதைக் கழிப்பதற்காக அல்ல என்று கண்டிப்பாகச் சொன்னார். ஞாயிறன்று மல்லேஸ்வரத்தில் வெண்ணெய் மணக்கும் பெண்ணெ தோசை சாப்பிட்டுவிட்டு ராத்திரியும் சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

எடை மெதுவாக, தானாக இறங்கியது, ஓரிடத்தில் நின்றது. சர்க்கரை பழைய நிலைக்குத் திரும்பியது. நடுவில் சறுக்கிய ராத்திரிகளும் உண்டு. சித்தி கண்ணுக்கு நான் இன்னும் குண்டுதான். அது என் ரத்தப் பரிசோதனையில் வராத விஷயம்.

எடையைப் போட்டியாக்கும் ஆபீஸ்கள் அதை நிறுத்த வேண்டும். வீட்டில் யாராவது சாப்பிடாமல் இளைத்தால் பாராட்டாதீர்கள். யாரிடம் பேசுவதென்று தெரியாதவர்கள் 14416ஐ அழைக்கலாம். 2022இல் தொடங்கிய அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் அது. எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.