ஒற்றைக் கையுறைக்காரரைப் பார்த்து நாம் சிரித்தது

இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு வாரமாக யோசித்தோம். எமது வகுப்பறையில் தொடங்கிய விஷயம் என்பதால் நாமே சொல்லிவிடுவதுதான் சரி என்று படுகிறது. கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் உள்ள பெற்றார் நேரம் எடுத்து வாசியுங்கள்.

அன்று தரம் 10 இல் பாடம் கொஞ்சம் முந்தி முடிந்துவிட்டது. மணியடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பின்வரிசையில் ஒரு மகன் எழும்பி, "சேர், முஹம்மத் அலியும் கபீபும் ஒரே கூண்டுக்குள்ள இறங்கினா ஆரு சேர் வெல்லுவாங்க?" என்று கேட்டான். அவ்வளவுதான், வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு பக்கம் குத்துச்சண்டை, மறுபக்கம் மல்யுத்தம்.

இந்தக் கேள்வி எமக்குப் புதிதல்ல. வாப்பாவின் தையல் கடையில், மெஷினுக்கு மேலே, பத்திரிகையில் வெட்டிய அலியின் படம் ஒன்று ஒட்டியிருந்தது. "அவர்ட கைக்கு முன்னால ஆரு நிப்பாங்க" என்று வாப்பா மௌத்தாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். 2010 இல் கல்வியியற் கல்லூரி விடுதியில் இதே கேள்வியால் எமது அறையில் இரண்டு பேர் இரண்டு நாள் கதைக்காமல் இருந்தார்கள். ஆகவே அன்று வெண்கட்டியை வைத்துவிட்டு மேசையில் சாய்ந்துகொண்டு உற்சாகமாக ஆரம்பித்தோம்.

முதலில் வாப்பா ஒருநாளும் வாய் திறக்காத கதையைச் சொன்னோம். 1976 ஜூன் 26 ஆம் திகதி, டோக்கியோவின் புடோகான் அரங்கில் உலகச் சாம்பியன் அலியும் ஜப்பான் மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோக்கியும் மோதினார்கள். இனோக்கி பெரும்பாலான நேரம் தரையில் மல்லாந்து கிடந்தபடி அலியின் கால்களையே உதைத்தார். படுத்திருப்பவரைக் குத்த அலிக்கு வழியில்லை. 15 சுற்றும் முடிந்து போட்டி சமநிலை ஆனது. அலி காலில் இரத்தக் கட்டிகளோடு வைத்தியம் பார்க்க வேண்டி வந்தது. உலகிலேயே வேகமான கைகள் அன்று வேலையில்லாமல் இருந்தன.

பிறகு 2010 ஆகஸ்ட், பொஸ்டன் நகரம். மூன்று எடைப் பிரிவுகளில் குத்துச்சண்டை உலகப் பட்டம் வென்ற ஜேம்ஸ் டோனி யூ.எப்.சி. கூண்டுக்குள் வந்தார். எதிரே 47 வயது ராண்டி கூச்சர், மல்யுத்தத்தில் வளர்ந்தவர். அவர் குனிந்து டோனியின் ஒரு காலைப் பிடித்து இழுத்தார். டோனி தரையில். முதல் சுற்றிலேயே கழுத்தை நெரிக்கும் பிடியில் மாட்டி, தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டினார். விடுதிச் சண்டையும் அத்தோடு முடிந்தது.

"ஏன் சேர் அப்படி?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி.

குத்துச்சண்டையில் இருவர் கட்டிப்பிடித்துக்கொண்டால் நடுவர் வந்து பிரித்துவிடுவார். ஒருவர் விழுந்தால் மற்றவர் விலகி நிற்க வேண்டும், நடுவர் பத்து வரை எண்ணுவார். ஆகவே குத்துச்சண்டை வீரர் வாழ்நாள் முழுக்க, கட்டிப்பிடித்தால் ஓய்வு, விழுந்தால் ஓய்வு என்று பழகியிருக்கிறார். மல்யுத்தக்காரருக்கோ வேலை ஆரம்பிப்பதே அங்கேதான். மற்றது, குத்தின் பலம் கையில் இல்லை, தரையில் ஊன்றிய காலிலிருந்து இடுப்பு வழியாக ஏறி வருவது. காலைத் தூக்கிவிட்டால் குத்தும் போய்விடும்.

அலி பக்கத்துப் பிள்ளைகளின் முகம் வாடியதும் அவர்களுக்கும் கொஞ்சம் கொடுத்தோம். 1988 சோல் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் தங்கம் வென்றவர் ரே மேர்சர். 2009 இல், 48 வயதில், யூ.எப்.சி.யின் முன்னாள் சாம்பியன் டிம் சில்வியாவை ஒரே குத்தில் ஒன்பது வினாடியில் விழுத்தினார். ஆனால் சில்வியா நிமிர்ந்து நின்று மோதுகிறவர், காலைப் பிடித்து இழுக்க அவர் போகவில்லை. எம்.எம்.ஏ. கையுறை நான்கு அவுன்ஸ்தான், குத்துச்சண்டைக் கையுறையில் பாதி. பட்டால் தாங்காது. பட வேண்டுமே, அதுதான் பிரச்சினை.

படவைக்கக் கற்றுக்கொண்டவர்களும் உண்டு. ஹொலி ஹோம் குத்துச்சண்டையில் பல தடவை உலகச் சாம்பியன். 2011 இல் எம்.எம்.ஏ.க்கு வந்து, பிடிக்க வந்தால் எப்படி நழுவுவது என்று வருடக் கணக்கில் படித்தார். 2015 இல் மெல்பர்னில், ஒலிம்பிக் ஜூடோ பதக்கம் வென்ற ரொண்டா ரௌசியின் பிடிகளில் இருந்து நழுவி நழுவியே அவரைக் களைக்க வைத்து, இரண்டாம் சுற்றில் விழுத்தினார். ஆக விடை இதுதான்: குத்த மட்டும் தெரிந்தவர் மல்யுத்தக்காரரிடம் பெரும்பாலும் தோற்பார். விழாமல் நிற்கவும், விழுந்தால் எழும்பவும் கற்றுக்கொண்டால் வெல்லவும் முடியும்.

இத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். மணியடிக்க இரண்டு நிமிடம் இருந்ததால், வகுப்பைச் சிரிக்க வைக்க இன்னொரு கதை சொன்னோம்.

1993 நவம்பர், டென்வர், முதலாவது யூ.எப்.சி. ஆர்ட் ஜிமர்சன் என்ற குத்துச்சண்டை வீரர் ஒரு கையில் மட்டும் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். எதிரே ஜூஜிட்சு வீரர் ரொய்ஸ் கிரேசி. இவர் அவரைத் தரையில் சாய்த்து மேலே ஏறி உட்கார்ந்ததும், ஜிமர்சன் உருப்படியாக ஒரு குத்துக்கூட விடாமலே தட்டிவிட்டார். நாம் மேசையில் டக் டக் டக் என்று தட்டி நடித்துக் காட்டினோம். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எமக்கும் சந்தோஷம்.

அடுத்த நாள் இடைவேளையில், பழைய கட்டடத்துக்குப் பின்னால், இரண்டு பேர் இதைச் செய்து பார்த்தார்கள். ஒருவன் உயரமானவன், அலி பக்கம். மற்றவன் கட்டையானவன், கபீப் பக்கம். சுற்றி நின்றவர்களில் ஒருவன் ஒளித்துக் கொண்டுவந்த போனில் படம் பிடித்தான். கட்டையானவன் புகுந்து காலைப் பிடித்து விழுத்தி, கழுத்தைச் சுற்றிப் பிடித்தான். வீடியோவில் அவன் "தட்டு மச்சான், தட்டு" என்று சொல்வது தெளிவாகக் கேட்கிறது. கீழே கிடந்தவன் தட்டவில்லை. முறுக்கிக்கொண்டு எழும்பப் பார்த்தான், இருவருமாகப் புரண்டு கொங்கிரீட் படியில் விழுந்தார்கள். காறை எலும்பு முறிந்துவிட்டது.

வைத்தியசாலையில் கட்டில் பக்கத்தில் அவன் உம்மா நின்றார். எம்மை ஒரு வார்த்தை ஏசவில்லை, "சேர் வந்திருக்கார் மகன்" என்று மட்டும் சொன்னார். நாம் மெதுவாக, "ஏன் மகன், தட்டியிருக்கலாமே?" என்று கேட்டோம்.

"தட்டினா எல்லாரும் சிரிப்பாங்க சேர்" என்றான்.

எங்கே படித்தான் என்று நாம் கேட்கவில்லை. எமக்குத் தெரியும்.

அன்று இரவு ஜிமர்சனைப் பற்றித் திரும்ப யோசித்தோம். பழக்கமில்லாத இடத்தில், பழக்கமில்லாத ஆளின் கீழே கிடக்கிறார். இனி நடக்கப்போவதைத் தடுக்கத் தனக்கு எதுவும் தெரியாது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. தட்டினார், எலும்பு முறியாமல் வீட்டுக்குப் போனார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது? மூன்று பட்டம் வென்ற டோனியும் தட்டினார். 2018 இல் கபீபின் பிடியில் கொனர் மெக்ரிகரும் தட்டினார். தட்டியவுடன் விட வேண்டும் என்ற விதி இருப்பதால்தான் இந்த விளையாட்டில் ஆட்கள் மறுநாள் எழும்பி நடக்கிறார்கள். கூண்டுக்குள் நடுவர் இருக்கிறார், வெளியே வைத்தியர் இருக்கிறார். எமது பழைய கட்டடத்துக்குப் பின்னால் போன் மட்டும்தான் இருந்தது.

அந்த 2018 போட்டியின் கடைசிப் பகுதியையும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. வென்ற பிறகு கபீப் வேலியைத் தாண்டிக் குதித்து எதிராளியின் குழுவில் ஒருவர் மீது பாய்ந்தார். அதற்காக ஒன்பது மாதத் தடையும் ஐந்து இலட்சம் டொலர் அபராதமும் கிடைத்தன. நாம் நேசிக்கும் வீரர் என்பதற்காக அதை மறைத்துச் சொல்லக் கூடாது. வாப்பா இனோக்கி கதையை மறைத்த மாதிரி நாமும் மறைத்துவிட்டோம்.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னோம். ஜிமர்சனைப் பார்த்துச் சிரித்தது எமது பிழை என்றும் சொன்னோம். யாரும் சிரிக்கவில்லை. கட்டையானவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். "தட்டு" என்று சொன்னவன் நீதான், அது நல்ல வேலை, ஆனால் அவன் தட்டாவிட்டாலும் பிடியை விட்டிருக்க வேண்டும் என்று அவனிடம் தனியாகச் சொன்னோம். இப்போது அவன்தான் தினமும் பின்னேரம் நண்பனின் வீட்டுக்குப் போய் நோட்ஸ் எழுதிக் கொடுக்கிறான்.

பெற்றாரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் இந்தப் போட்டிகளைப் பார்க்கத்தான் போகிறார்கள், போனைப் பறித்தாலும் பார்ப்பார்கள். பக்கத்தில் இருந்து பாருங்கள். ஒருவர் தட்டும்போது "சீ, இவ்வளவுதானா" என்று சொல்லாதீர்கள். நாம் அப்படிச் சொன்னதன் விலையை வேறொரு உம்மாவின் பிள்ளை கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

கட்டு அவிழ்க்க இன்னும் சில கிழமைகள் இருக்கின்றன. அவனுக்காக துஆ செய்யுங்கள்.