சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரு பட்டறை

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில், வடுவூரைத் தாண்டி, பழைய செங்கல் சூளை இருந்த ஒரு மேட்டு நிலத்தில் அந்தக் கட்டிடத்தைப் பார்த்தேன். சுவர் இல்லை, கூரை இல்லை. தரை முழுக்கச் சுண்ணாம்புத் தூளால் இழுத்த கோடுகள். கதவு வரும் இடங்களில் மட்டும் இரண்டிரண்டு மூங்கில் கழிகள். டிராக்டரும் அறுவடை மிஷினும் விற்கும் ஒரு டீலர் கட்டப்போகும் சர்வீஸ் பட்டறை அது. முழு அளவில் மண்ணிலேயே வரைந்து வைத்திருந்தார்கள்.

"பேப்பர்ல எல்லாம் அழகாத்தான் சார் இருக்கு. வண்டிய ஓட்டிப் பாத்தாத்தான் எங்க இடிக்கும்னு தெரியும்" என்றார் டீலரின் மகள். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு அப்பாவின் தொழிலைக் கையில் எடுத்தவர். கூடவே, அவர்களிடம் இருபத்தைந்து வருடமாக இருக்கும் ஹெட் மெக்கானிக். அவரை இவர் "அண்ணே" என்கிறார். இவரை அவர் "பாப்பா" என்கிறார். பங்குனி வெயில் ஏறுவதற்குள் சுற்றிப் பார்த்துவிடலாம் என்று காலை ஏழு மணிக்கே வரச் சொல்லியிருந்தார்கள்.

நான் போனதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன்பு ஒரு தை மாதம். எங்கள் மூன்று ஏக்கர் சம்பாவில் பாதியை அறுத்திருந்த வாடகை மிஷின் பேரிங் போய் நின்றுவிட்டது. அதைக் கொண்டுபோன பட்டறையில் கூரைக்கு அடியில் இடமில்லை. வாசலில் வைத்துப் பிரித்தார்கள். ராத்திரி தூறல் போட்டது. பிரித்த பாகங்களுக்குள் தண்ணீர் இறங்கி, ஒரு நாள் வேலை மூன்று நாள் ஆனது. வயலில் நின்ற கதிர் சாய்ந்துவிட்டது. நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்கமாட்டார்கள் என்பதால், அறுத்த நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைத்தோம். அந்த பேரிங் என்ன விலை என்பது மறந்துவிட்டது. தார் ரோட்டில் அப்பா காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே நடந்தது மறக்கவில்லை. பட்டறைக்குக் கூரை போதுமா என்பது விவசாயி வீட்டுக் கவலை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

முதலில் தண்ணீர், பிறகுதான் ஸ்பேனர்

கேட்டைத் தாண்டியதும் வந்த முதல் கட்டம் வாட்டர் வாஷுக்கு. "இதைப் பின்னாடி ஒரு மூலையில் தள்ளியிருந்தார் ஆர்க்கிடெக்ட். முன்னாடி கொண்டுவந்தது அண்ணன்தான்" என்றார் அந்தப் பெண்.

அண்ணன் காரணத்தைக் கையில் எடுத்துவந்தே காட்டினார். சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய பழைய ஆயில் சீல் ஒன்று வெளியே வந்தது. கேஜ் வீல் மாட்டிச் சேறடித்த டிராக்டரின் பின் அச்சில் இருந்தது. ரப்பரின் உள் உதட்டில், நகத்தால் சுரண்டினாலும் போகாத ஒரு சாம்பல் வளையம். காவிரிக் களிமண் காய்ந்து கல்லாகியிருந்தது. "இந்த மண்ணு உதட்ட அரிச்சுரும் சார். அரிச்ச வழியா தண்ணி உள்ள போனா ஆயிலு மோரு மாதிரி வெளுத்துப்போயிரும். அதோட ஓட்டுனா கியரு போச்சு" என்றார். சேற்றோடு வந்த வண்டியை அப்படியே பிரித்தால், வெளியே இருக்கும் மண் எல்லாம் கியர் பாக்ஸுக்குள் விழும். அதனால் கழுவாத வண்டி உள்ளே ஏறக்கூடாது. கழுவும் இடம் வழியில் இருந்தால்தான் யாரும் அதைத் தாண்டிப் போகமாட்டார்கள்.

கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன். நிலத்தின் பின் எல்லையில் ஓடும் பாசன வாய்க்காலைக் காட்டினார்கள். அதில் ஒரு சொட்டு எண்ணெய் கலக்கக்கூடாது என்பதுதான் கணக்கு. முதலில் இரண்டு மண்தொட்டிகள். களிமண் அதில் படிந்துவிடும், வாரிக்கொள்ளலாம். அடுத்து மூன்று அறைகள் கொண்ட எண்ணெய்த் தொட்டி. எண்ணெய் மேலே மிதக்கும். ஒவ்வொரு அறையிலும் தண்ணீர் அடியில் இறங்கும் குழாய் வழியாக மட்டும் அடுத்த அறைக்குப் போகும். மேலே தங்கும் எண்ணெயை வழித்து எடுக்கலாம். அந்தத் தண்ணீரும் வாய்க்காலுக்குப் போகாது, திரும்பவும் கழுவவே வரும்.

கதவு உடைத்த கோடு

அன்றைய முக்கியமான வேலை கதவுச் சோதனை. பதினான்கு அடி அகலக் கட்டர் பார் மாட்டிய, டயரில் ஓடும் அறுவடை மிஷின் ஒன்று தயாராக நின்றது. வரைபடத்தில் பெரிய கதவின் அகலம் பதினாறு அடி. இருபுறமும் ஓரடி மிச்சம் இருக்கிறதே, தாராளம் என்றுதான் எனக்கும் தோன்றியது.

டிரைவர் நேராக வந்திருந்தால் தாராளம்தான். ஆனால் வாஷிலிருந்து இறங்கி வளைந்துதான் கதவுக்கு வரவேண்டும். இந்த மிஷினுக்குத் திரும்புவது பின் சக்கரம். முன்னால் இருக்கும் கட்டர் பார் ஒரு பக்கம் போனால் வால் எதிர்ப்பக்கம் வீசும். முதல் முறை வலது மூங்கில் சாய்ந்தது. இரண்டாம் முறை மூங்கில் பிழைத்தது, பின் டயர் சுவர்க் கோட்டின் மேல் ஏறி, சுண்ணாம்பை மண்ணோடு மண்ணாக அரைத்துவிட்டுப் போனது. டிரைவர் இறங்கிவந்து, தப்பு செய்தவரைப்போல நின்றார். "உங்க மேல தப்பில்ல அண்ணே, கதவு மேலதான் தப்பு" என்று சொல்லிவிட்டு, மூங்கிலைப் பிடுங்கி இரண்டடி தள்ளி நட்டார் அந்தப் பெண். பதினெட்டடி. மூன்றாம் முறை மிஷின் தொடாமல் உள்ளே போனது. இரும்புத் தூண் நட்ட பிறகு இது தெரிந்திருந்தால் என்ன செலவு என்று யோசித்துப் பார்த்தேன். நாலு கூடைச் சுண்ணாம்பில் முடிந்துவிட்டது.

கதவுகள் எல்லாம் தெற்குப் பார்த்தவை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து அடித்துவரும் மழை உள்ளே இறங்கக்கூடாது. தரை ரோட்டைவிட மூன்றடி உயரம். லாரியில் வரும், டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் மிஷினை இறக்க ஒரு மேடை தனியாக உண்டு, லாரியின் தட்டுக்குச் சரியான உயரத்தில். இப்போது எல்லோரும் வாய்க்கால் கரையைத் தேடி லாரியைப் பின்னால் அணைத்து, பலகை போட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இறக்குகிறார்கள்.

டிராக்டரை இரண்டாக்கும் இடம்

உள்ளே ஆறு பே, அதாவது வண்டியை நிறுத்தி வேலை பார்க்கும் கட்டங்கள். கார் பட்டறை கட்டிப் பழகியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டும் என்றால் டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். இன்ஜின் பாதியை ஸ்டாண்டில் ஏற்றி முன்னால் உருட்டி, மூன்று நான்கு அடி இடைவெளிவிட்டு நிறுத்தி, நடுவில் மெக்கானிக் உட்கார்ந்து வேலை செய்வார். பன்னிரண்டு அடி நீள வண்டிக்கு இருபது அடி பே போதும் என்று முதலில் போட்டிருந்தார்கள். பிரித்த வண்டி, அதன் ஸ்டாண்டு, கழற்றிய சக்கரம், டூல் டிராலி என்று கோட்டுக்குள் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, இருபத்தெட்டுக்குப் பதினாறு ஆக்கியிருக்கிறார்கள். தலைக்கு மேலே எல்லாப் பேயையும் தொட்டுப் போகும் மூன்று டன் கிரேன் வரப்போகிறது. "இதுவரைக்கும் செயின் பிளாக்க முக்காலியில தொங்கவிட்டுத்தான் தூக்குனோம். எத்தன நாளு நெஞ்சு திக்குன்னு இருந்திருக்கு தெரியுமா" என்றார் ஹெட் மெக்கானிக்.

புகை வெளியே போகவும் வழி யோசித்திருக்கிறார்கள். டிராக்டரின் சைலன்சர் பெரும்பாலும் மேலே பார்த்துத்தான் நிற்கும். அதனால் புகையை இழுக்கும் குழாய் கூரையிலிருந்து இறங்கி அதன் வாயில் மாட்டிக்கொள்ளும். டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று இருக்கிற பட்டறைகள்தான் இன்னும் அதிகம்.

வெல்டிங் தனிக் கொட்டகையில். அறுவடை மிஷினின் சந்து பொந்தெல்லாம் வைக்கோல் தூசும் சுணையும் அடைந்திருக்கும்; அதோடு எண்ணெய்க் கசிவும் சேர்ந்தால் ஒரு பொறி போதும். காற்றடித்து அதையெல்லாம் வெளியே தள்ளிவிட்டுத்தான் மிஷினை உள்ளே விட வேண்டும்.

ஒரு மூலையில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு சின்ன அறை. ஏசி, இரட்டைக் கதவு. மேனேஜர் அறை என்று நினைத்தேன். இன்ஜெக்டர் கழற்றிப் பார்க்கும் அறையாம். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகைக் கட்டுப்பாடு 2023 ஜனவரியில் வந்தது. அதற்குப் பிறகு வரும் பெரிய வண்டிகளில் டீசல் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீய்ச்சப்படுகிறது. நம் கார் டயரில் இருப்பது சுமார் இரண்டு பார். அந்த அழுத்தத்தில் வேலை செய்யும் பாகத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத தூசியே எமன். வாசலில் களிமண்ணைக் கழுவுவதும் இங்கே தூசியைத் தடுப்பதும் ஒரே வேலையின் இரண்டு முனைகள். வாசலிலிருந்து இந்த அறைக்கு வருவதற்குள் மண் படிப்படியாகக் குறைந்து இல்லாமல் போக வேண்டும். முழுக் கட்டிடத்தையும் அந்த ஒரு நினைப்பை வைத்தே வரைந்திருக்கிறார்கள்.

கழிவு ஆயிலுக்குச் சுற்றிலும் குட்டைச் சுவர் எழுப்பிய அறை. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அதை 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும். செங்கல் சூளைக்கு ஊற்றிவிடும் பழக்கம் நம் பக்கத்தில் பலருக்கு உண்டு. சூளை இருந்த அதே மண்ணில் நின்றுகொண்டு இதைக் கேட்டது மனதுக்கு நிறைவாக இருந்தது.

திண்ணை

கடைசியாகக் காட்டியது ஒரு திண்ணை. ஏசி போட்ட கஸ்டமர் லவுஞ்சு வரைபடத்தில் ரோட்டுப் பக்கம் இருந்ததாம். "சோபால உக்காந்து டிவி பாக்கவா வர்றாங்க? மனசெல்லாம் வண்டிமேலதான சார் இருக்கும்" என்றார் அந்தப் பெண். அதனால் பேக்களை ஒட்டி, வேலை இடத்தைப் பிரிக்கப்போகும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நீளமாக ஒரு திண்ணை. பின்னால் குளியலறை, ராத்திரி தங்கும் டிரைவர்களுக்குப் படுக்க இடம். தை மாதம் வண்டியோடு வருபவர் வண்டியோடுதான் திரும்புவார்.

கிளம்பும்போது, மிஷின் சோதனையை வேடிக்கை பார்க்க வந்திருந்த பக்கத்து வயல்காரர் ஒருவர் கோட்டைத் தாண்டாமல் நின்று கேட்டார்: "எம் வண்டி வந்தா எங்க நிக்கும்மா?"

மூன்றாவது பேயைக் காட்டினார் அந்தப் பெண். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திண்ணை வரப்போகும் இரண்டு கோடுகளுக்கு நடுவில் குத்தவைத்து உட்கார்ந்தார். இல்லாத சுவரைத் தாண்டி, இல்லாத வண்டியை எட்டிப் பார்த்தார். ஒரு தூண் வரும் இடத்தில் நட்டிருந்த மூங்கில் மறைத்தது. கொஞ்சம் நகர்ந்து பார்த்தார்.

"இந்தக் கம்பு மறைக்குது" என்றார்.

ஹெட் மெக்கானிக் சுண்ணாம்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்த மூங்கிலை நோக்கி நடந்தார்.