இரண்டாவது வழி

1862 ஜனவரியில் இங்கிலாந்தின் ஹார்ட்லி நிலக்கரிச் சுரங்கத்தில், தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் பிரும்மாண்டமான இரும்பு உத்தரம் முறிந்து ஷாஃப்டுக்குள் விழுந்தது. மேலே வர இருந்தது அந்த ஒரே ஷாஃப்ட்தான். 204 பேர் இறந்தார்கள். சுரங்கத்துக்கு இரண்டு வழி இருந்தே ஆக வேண்டும் என்று அந்த வருடமே பிரிட்டன் சட்டம் போட்டது. நம் நாட்டின் 1961ஆம் வருட உலோகச் சுரங்க விதிகளிலும் அது உண்டு.

இதை எனக்குச் சொன்னவர் அப்பா. கோலார் தங்கவயலில் தினமும் கூண்டில் இறங்கி ஏறியவர். ஹார்ட்லி என்ற பெயர் அவருக்குத் தெரியாது. இரண்டு வழி தெரியும். எங்கே போனாலும் பின்வாசல் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

அவர் குரல் இப்போது என் வீட்டில், பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் இருக்கிறது. கேசட்டுகளில் பதிவு செய்து வைத்திருந்ததை மாற்றி ஏற்றியிருக்கிறேன். ராத்திரி பகல் என்று பார்க்காமல் ஓடும் அந்தக் கம்ப்யூட்டருக்கு 'சர்வர்' என்பது கொஞ்சம் பெரிய பட்டம்தான். அதில் குடும்பப் புகைப்படங்கள் உண்டு. பழைய லைன் வீட்டுக்காரர்கள் சிலர் என்னிடம் கொடுத்து ஸ்கேன் செய்த சம்பளச் சீட்டு, சர்வீஸ் சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் உண்டு. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001இல் மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கத்தில் ஒருவர் வேலை பார்த்தார் என்பதற்குச் சில வீடுகளில் அந்த மஞ்சள் காகிதத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. அதையும் கரையான் பார்த்துவிட்டது. என் சொந்தப் படங்கள் போனால் வருத்தப்படுவேன். அடுத்தவர் காகிதம் போனால் என்ன பதில் சொல்வது?

நான் இருப்பது பூதிகோட்டையில். ஹைதர் அலி பிறந்த ஊர். பூதி என்றால் சாம்பல். நகல் எடுத்து வைக்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான விலாசம் கிடைக்காது. கம்பி வழியாகக் குரலைப் பகிர்வதும் இந்த ஊருக்குப் புதிதல்ல. 2000களின் தொடக்கத்தில், மைராடா, வாய்சஸ் என்ற தொண்டு அமைப்புகளும் யுனெஸ்கோவும் துணை நிற்க, 'நம்ம த்வனி' இங்கேதான் தொடங்கியது. கிராமத்து மக்கள் தாங்களே நிகழ்ச்சி தயாரித்தார்கள். அன்று இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு வானொலி உரிமம் கிடையாது. அரசு மனம் மாறியது 2006இல். அதற்காகக் காத்திராமல் கேபிள் டி.வி. கம்பியிலேயே குரலை வீடுகளுக்கு அனுப்பிவிட்டார்கள்.

என் ஏற்பாடு அதைவிடச் சின்னது. கீழே சர்வர். மாடி அறையில் இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட ஒரு சிறு பெட்டி. அதில் ஒரு ஃபோல்டர் வீட்டு நெட்வொர்க்கில் பகிரப்பட்டிருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு, புதிதாக வந்தவையும் மாறியவையும் அங்கே நகலாகும். கேட்கச் சுலபம். இந்தச் சுலபத்துக்குள்தான் பொறிகள் இருக்கின்றன.

முதல் பொறி நம் ஊர் கரண்ட். போய்விட்டுத் திரும்பும்போது இரண்டு பெட்டிகளும் ஒரே நேரத்தில் கண் விழிப்பதில்லை. மாடிப் பெட்டி எழுவதற்குள் சர்வர் எழுந்துவிட்டால் பகிர்ந்த ஃபோல்டர் இணைவதில்லை. ஆனால் அது இணைய வேண்டிய இடத்தில் அதே பெயரில் ஒரு காலி ஃபோல்டர் இருக்கும். லினக்ஸ் அதில் நகலை எழுதிக்கொண்டே போகும். வேலை முடிந்தது என்று செய்தியும் வரும். உண்மையில் சர்வர் தன் டிஸ்க்கிலேயே தன்னை நகலெடுத்திருக்கும்! இதற்காகவே மாடி ஃபோல்டருக்குள் ஒரு அடையாள ஃபைல் வைத்திருக்கிறேன். அது கண்ணில் பட்டால்தான் நகல் தொடங்கும்.

இரண்டாவது பொறி விசுவாசம். கண்ணாடி போல அப்படியே நகலெடுக்கும் முறையில், கீழே அழிந்தது மறுநாள் மேலேயும் அழியும். அதனால் தேதி போட்ட பிரதிகள்: தினசரி ஏழு, வாரத்துக்கு ஒன்றாக நான்கு, மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு. மாறாத ஃபைல்கள் மறுபடி இடம் பிடிக்காதபடி செய்யும் புரோகிராம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

மூன்றாவதுதான் பயமானது. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற வைரஸ், விண்டோஸின் ஃபைல் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாகப் புகுந்து சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. சர்வருக்கு எழுத அனுமதியுள்ள ஃபோல்டர், சர்வருக்குள் புகுந்தவனுக்கும் எழுத அனுமதியுள்ள ஃபோல்டர். ஆகவே திசையைத் திருப்பிவிட்டேன். இப்போது பகிரப்படுவது சர்வரின் ஃபோல்டர், அதுவும் படிக்க மட்டும். மாடிப் பெட்டி இறங்கி வந்து எடுத்துக்கொண்டு போகும். மாடிக் கதவின் சாவி சர்வரிடம் இல்லை. அடையாள ஃபைலும் கீழே குடி வந்துவிட்டது.

வைரஸ்தான் வேண்டும் என்றும் இல்லை. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் சூப்பர் கம்ப்யூட்டர் சேமிப்பிலிருந்து 77 டெராபைட், ஏறக்குறைய 3.4 கோடி ஃபைல்கள் அழிந்தன. அழித்தது அங்கே பாதுகாப்புக்கு என்று ஓடிக்கொண்டிருந்த பேக்கப் ஸ்கிரிப்ட். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதுப் பதிப்பை ஏற்றியதில் வந்த வினை. காவல்காரர் கையில் பெருக்குமாறும் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இத்தனை செய்தும் கீழ் அறையும் மாடி அறையும் ஒரே வீடு. ஒரே மின் இணைப்பு. ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழையோடு வரும் இடி எந்தப் பெட்டி அசல், எந்தப் பெட்டி நகல் என்று விசாரிப்பதில்லை. ஷாஃப்ட் இரண்டு தோண்டி, இரண்டையும் ஒரே பாறையில் முடித்தது மாதிரி. பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு விதச் சாதனம், ஒன்று வெளியூரில். இன்டர்நெட்டில் வாடகைக்கு இடம் பிடிக்கலாம் என்று சொன்னார்கள். அடுத்தவர் ஆஸ்பத்திரிச் சீட்டை யாருடைய கம்ப்யூட்டரிலோ ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. பூட்டி அனுப்பலாம், தெரியும். ஆனால் மாதா மாதம் வாடகை கட்ட நான் இல்லாத ஒரு காலமும் வருமே.

அதனால் மூன்றாவது பிரதி ராபர்ட்சன்பேட்டையில், அக்கா வீட்டுப் பீரோவில், ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில். மாதத்தின் முதல் ஞாயிறு பஸ்ஸில் ஒரு டிஸ்க் போகும், இன்னொன்று வரும். போன தடவை, "இதுல என்னதான்டா இருக்கு, போட்டுக் காட்டு" என்றார். அவர் மகனின் லேப்டாப்பில் டிஸ்க்கைச் செருகினேன். என் சர்வரோ மாடிப் பெட்டியோ இல்லாமல் அந்த நகல் தனியாகத் திறந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தேடாமல் கைக்கு வந்த ஒரு ஃபைலைத் தட்டினேன். அப்பா இருமிவிட்டு, கூண்டு எந்தெந்த மட்டத்தில் நிற்கும் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.