தவிட்டுப் பெட்டி

புத்தகம் வாங்கிப்போக எங்கள் வீட்டுக்கு வரும் நண்பர்கள், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அகன்ற பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்து மாட்டுத் தவிடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். சற்று உற்றுப் பார்த்தால் தவிடு நெளியும். அதன்பிறகு சிலர் காப்பி வேண்டாமென்று சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் எல்லோருக்குமாக இந்த விளக்கம்.

அண்ணன் கீழும் தம்பி மேலுமாக நாங்கள் குடியிருக்கும் வீடு சென்னைப் புறநகரில் இருக்கிறது. அப்பா இறந்தபின் சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மாவை அழைத்துவந்தோம். அவருடன் ஒரு சேவலும் இரண்டு பெட்டைகளும் வந்தன. மூன்றாம் மாதம் ஒரு பெட்டை ஏழு குஞ்சுகள் பொரித்தது. இரண்டொரு நாளில் கொல்லையில் ஒரு பழைய மண்பானை கவிழ்ந்திருந்தது. உள்ளே சாணமும் கிழிந்த கோணியும் காய்ந்த மட்டையும். ஊரில் குஞ்சு பொரித்த வீடுகளில் இது வழக்கம். மாலையில் பானையை நிரப்பி, நீர் தெளித்து, மண்மேல் கவிழ்த்துவைத்தால் விடிவதற்குள் கரையான் ஏறியிருக்கும். பானையைத் தட்டினால் குஞ்சுகள் ஓடிவரும்.

நாங்களோ அதற்கு முந்தைய ஆண்டுதான் இருபது வருடச் சிற்றிதழ்களைக் கரையானிடம் இழந்திருந்தோம். கட்டைத் தூக்கினால் மேலட்டை மட்டும் கையோடு வந்தது. ஆள் வைத்து வீட்டைச் சுற்றிலும் துளையிட்டு மருந்து செலுத்தியிருந்தோம். பானையைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. காலால் எத்தி உடைத்தோம். எங்களில் யாருடைய கால் என்பதை வெளியில் சொன்னதில்லை; இருவருடையதும் என்றே கொள்ளலாம். "புத்தகம் இருக்கிற வீட்டில் கரையானை வளர்ப்பதா?" என்று கத்தினோம். அம்மா பதில் பேசவில்லை. ஓடுகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டுவிட்டு உள்ளே போனார். அதற்குப்பின் பல நாட்கள், கேட்டதற்கு மட்டுமே பதில் வந்தது.

மருந்து இறங்கிய மண்ணில் இனிப் பானை வைக்கவும் முடியாது. அப்படித்தான் மாவுப்புழு எங்கள் வீட்டுக்கு வந்தது. லின்னேயஸ் 1758இல் இதற்கு டெனிப்ரியோ மோலிட்டர் என்று பெயரிட்டார். லத்தீனில் முதற்சொல் இருளை நாடுவதையும் அடுத்தது மாவரைப்பவனையும் குறிக்கும். காப்பி மறுத்த நண்பர்களுக்கு ஒரு தகவல்: 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் உலர்ந்த மாவுப்புழுவை மனித உணவாகவே அனுமதித்திருக்கிறது.

வழுவழுப்பான சுவருள்ள பெட்டியில் இவை ஏறி வெளியே வருவதில்லை. மூன்று விரற்கடைக் கோதுமைத் தவிடு, ஈரத்துக்குச் சில கேரட் துண்டுகள், அவ்வளவே. முதல்முறை ஆர்வக் கோளாறில் தண்ணீர் தெளித்தோம். தவிடு பூசணம் பிடித்து எல்லாம் செத்தன. முட்டை பொரிய ஒன்றிரண்டு வாரம், புழுவாக இரண்டு மூன்று மாதம், கூட்டுப்புழுவாக மீண்டும் ஒன்றிரண்டு வாரம், பிறகு கருவண்டு. உலர்ந்த புழுவின் எடையில் ஏறக்குறையப் பாதி புரதம். ஆனால் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. முட்டையிடும் கோழிக்கு இது பண்டமாகலாம், தீனியாகாது.

கூட்டுப்புழுவால் தப்பி ஓட முடியாது. விட்டுவைத்தால் மற்றவை கடித்துத் தின்றுவிடும். ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனியே வைக்க வேண்டும். எங்களுக்கு அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒருநாள் அம்மா தானாகவே வந்து பெட்டியருகே உட்கார்ந்து பொறுக்கத் தொடங்கினார். அரிசியில் கல் பொறுக்கிய விரல்கள். இப்போது எங்கள் பெயர்களை மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறார். கூட்டுப்புழுவில் மட்டும் கை தவறுவதில்லை.

முதல் கைப்பிடியைக் கோழிகளுக்கு இட வேண்டிய நாளில் எங்களுக்குக் கை வரவில்லை. நான்கு மாதம் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தவை அல்லவா? அம்மா கிண்ணத்தை வாங்கி வீசினார். "வளத்துட்டோமேன்னு பாக்குறீகளா? அப்ப கோழிய யாரு வளத்தா?" என்றார். பிறகு, "ஊர்ல இத மண்ணுக்கிட்ட கேட்டு வாங்குனோம். இங்க நீங்களே மண்ணா இருக்கீக" என்று சிரித்தார். பானை உடைந்த நாளுக்குப்பின் அம்மா எங்களைக் கேலி செய்தது அன்றுதான்.

அந்தப் பானையின் அடிப்பகுதி முழுசாகத் தப்பியிருந்தது. கோழிகளுக்கு அதில்தான் தண்ணீர் வைக்கிறோம்.